ஆர்டன், நார்ட்டன், பெங்குவின், கைடு: ஆங்கில இலக்கியம் படிக்க எதை வாங்கலாம்?

கல்லூரி திறந்த முதல் வாரங்களில் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் ஒரே மாதிரியான சீட்டுகள் நீட்டப்படும். ஹாம்லெட், பிரைட் அண்ட் பிரெஜுடிஸ், ஃபிராங்கன்ஸ்டைன், ஹார்ட் ஆஃப் டார்க்னஸ் என்று தலைப்புகள் இருக்கும், எந்தப் பதிப்பு என்று இருக்காது. கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கைடும் வேணுமாப்பா?" என்பார். திருக்குறள் வாங்கப் போனால் பரிமேலழகர் உரையா, மு.வ. உரையா என்று கேட்டு வாங்கத் தெரிந்த ஊர் இது. ஆங்கிலப் புத்தகம் என்று வந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். "எவ்வளவு படித்தாலும் பிடிபடவில்லை" என்று புலம்பும் பிள்ளைகளில் பலருக்குக் குறை அவர்களுடைய ஆங்கிலத்தில் இல்லை, கையிலிருக்கும் புத்தகத்தில் இருக்கிறது.

சென்னையில் கிடைக்கும் பதிப்புகளில் எது யாருக்கு உதவும், எது காசுக்குக் கேடு என்பதைச் சொல்லத்தான் இந்த மதிப்புரை. பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கும், நெட், டி.ஆர்.பி. தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும், பாடத்திட்டம் எதுவும் இல்லாமல் ஆசைக்குப் படிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் தடவை படிக்கிறவருக்குக் குறிப்புகள் அதே பக்கத்தில், மூலத்துக்கு அடியிலோ எதிர்ப்பக்கத்திலோ இருக்கும் பதிப்பே நல்லது. குறிப்பு கடைசிப் பக்கங்களில் இருந்தால், முதல் அத்தியாயம் வரை விரல் வைத்துப் புரட்டுவார்கள், இரண்டாவதில் சலிப்பு வரும், மூன்றாவதிலிருந்து குறிப்பே இல்லாத புத்தகமாக அதைப் படிப்பார்கள்.

குறிப்பு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஜேன் ஆஸ்டனின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் 46ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். லாம்ப்டனில் தங்கியிருக்கும் எலிசபெத்துக்கு அக்கா ஜேனிடமிருந்து இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்து சேருகின்றன. தங்கை லிடியா ராணுவ அதிகாரி விக்கமுடன் ஸ்காட்லாந்துக்கு ஓடிவிட்டாள் என்கிறது முதல் கடிதம். இரண்டாவது கடிதமோ, அவர்கள் கிரெட்னா கிரீன் போனதாகவே தெரியவில்லை என்கிறது. இரண்டாவதைப் படித்த பிறகுதான் எலிசபெத் உடைந்துபோகிறாள். ஏன்? ஆஸ்டன் விளக்கவில்லை. அவருடைய வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1753இல் கொண்டுவந்த சட்டப்படி இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் திருமணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் கிரெட்னா கிரீன். அங்கே போயிருந்தால் திருமணமாவது நடந்திருக்கும். போகவில்லை என்றால், பதினாறு வயதுப் பெண்ணைத் திருமணம் செய்யும் எண்ணமே விக்கமுக்கு இல்லை என்று ஆகிறது. இந்த ஒரு குறிப்பு இல்லாமல் படிக்கிறவருக்கு இரண்டு கடிதமும் ஒரே சேதியைத்தான் சொல்லும்.

அதனால் கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை இது: புத்தகத்தை எடுங்கள், கிரெட்னா கிரீன் வரும் பக்கத்தைப் பிரியுங்கள், குறிப்பு இருக்கிறதா, சட்டத்தைச் சொல்கிறதா, வெறுமனே "ஸ்காட்லாந்தில் ஓர் ஊர்" என்று முடித்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் போதும். வேறு நாவல் என்றால், பணம், சொத்து, சட்டம், மதம் இவற்றில் ஏதாவது ஒன்று கதையைத் திருப்பும் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எளிய சொல்லுக்கெல்லாம் பொருள் கொடுத்துவிட்டு இப்படிப்பட்ட இடத்தில் மௌனமாக இருக்கும் பதிப்பை அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம்.

இனி பதிப்புகளுக்கு வரலாம். வேர்ட்ஸ்வொர்த் கிளாசிக்ஸ்தான் விலையில் மிகக் குறைவு. தாள் சுமார், எழுத்து சிறியது. ஆனால் பெரும்பாலான நாவல்களுக்குப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதிய முன்னுரையும், பின்னால் குறிப்புகளும் இருக்கின்றன. பென்சிலால் கிறுக்கிப் படிக்க இதைவிட நல்ல பிரதி கிடைக்காது. அதே நிறுவனத்தின் கவிதை வரிசையை நம்ப வேண்டாம், அதில் குறிப்புகள் சொற்பம்.

பெங்குவின் கிளாசிக்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் இரண்டிலும் குறிப்புகளின் தரம் உயர்வு. மூலம் எந்த அச்சிலிருந்து எடுத்தது என்று தனிப் பக்கத்தில் சொல்கிறார்கள். எழுத்தாளரின் காலவரிசை இருக்கிறது, மேலே படிக்க நூற்பட்டியல் இருக்கிறது. குறை ஒன்றுதான், நாவல்களுக்குக் குறிப்புகள் எல்லாம் கடைசியில். ஆக்ஸ்ஃபோர்டில் குறிப்பு உள்ள சொல்லின் மேல் சிறிய நட்சத்திரக் குறி இருப்பதால், எங்கே புரட்ட வேண்டும் என்றாவது தெரிகிறது. இந்தப் பதிப்புகளை வாங்குகிறவர்கள் ஒரு சின்ன வேலை செய்யலாம்: படிக்க உட்காரும் முன் அந்த அத்தியாயத்தின் குறிப்புகளை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மூலத்துக்கு வாருங்கள். பாதி தடவை புரட்டுவது மிச்சமாகும். முன்னுரையை மட்டும் முதலில் தொடாதீர்கள். கதையின் முடிவை உடைத்துவிடும் என்று பெங்குவினே பல முன்னுரைகளின் தலைப்பில் எச்சரிக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் என்னவென்றால், முன்னுரை எழுதியவர் கண்டதை மட்டும் தேடிக்கொண்டு படிப்போம், நம் கண்ணில் தானாகப் படுவது எதுவும் படாது.

பெங்குவின் என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அழகான வண்ணக் கோல அட்டையோடு வரும் பெங்குவின் இங்கிலீஷ் லைப்ரரி வரிசையில் கடைசியில் ஒரு கட்டுரை உண்டு, குறிப்புகள் கிடையாது. ஏற்கெனவே படித்த நாவலைத் திரும்பப் படித்து ரசிக்க அருமையான புத்தகம். தேர்வுக்குப் படிக்கிறவருக்கு அது உதவாது. காலின்ஸ் கிளாசிக்ஸ் பின்னால் ஒரு சொற்பட்டியல் இருக்கும். அது காலின்ஸ் அகராதியிலிருந்து எடுத்த பொதுப் பட்டியல், அந்த நாவலுக்கென்று எழுதியது அல்ல. டிக்கன்ஸை வாங்கினாலும் ஆஸ்டனை வாங்கினாலும் அதே சொற்கள்தான்.

டேவிட் ஷாபார்டு உரையெழுதிய பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் உரை என்று அச்சாகியிருக்கிறது. வண்டிகளின் வகை, நடனத்தின் ஒழுங்கு, சாப்பாட்டு நேரம் என்று ஒன்றையும் விடவில்லை. ஆங்கிலேய வாழ்க்கையோடு பழக்கமே இல்லாதவருக்கு இது பெரிய கொடை. ஆனால் பாத்திரங்களின் மனப்போக்கையும் அவரே விளக்கிவிடுகிறார். அந்தக் குறிப்புகளை மட்டும் இரண்டாம் வாசிப்புக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் வாசகர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை உரையாசிரியர் செய்து முடித்திருப்பார்.

நார்ட்டன் கிரிட்டிகல் எடிஷன்ஸ் விலை கூடுதல்தான், ஆனால் எம்.ஏ. படிக்கிறவருக்கு அதற்கு ஈடு கிடையாது. குறிப்புகள் பக்கத்தின் அடியிலேயே இருக்கின்றன. மூலத்துக்குப் பின்னால் எழுத்தாளரின் கடிதங்கள், அந்தக் காலத்து மதிப்புரைகள், பிற்கால விமர்சனக் கட்டுரைகள் என்று பாதிப் புத்தகம் வரை சேர்த்திருப்பார்கள். ஹார்ட் ஆஃப் டார்க்னஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிய கான்ராடை இனவெறியர் என்று குற்றம்சாட்டி நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் ஆற்றிய உரை அதே அட்டைக்குள் இருக்கிறது. கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நார்ட்டனில் டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவையும், நண்பர் புல்வர் லிட்டன் சொல்லி மாற்றி எழுதிய முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் த பிரெலூட் நார்ட்டனில் 1799, 1805, 1850 ஆகிய மூன்று வடிவங்களும் இருக்கின்றன. ஒரு கவிஞர் தன் வரிகளை ஐம்பது ஆண்டுகளில் எப்படித் திருத்தினார் என்று காட்டும் இப்படிப்பட்ட புத்தகம் ஒரு வகுப்பறைக்குச் சமம்.

நார்ட்டனில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அடிக்குறிப்புகள் சில நாவல்களுக்கு நிறைய, சிலவற்றுக்குக் குறைவு. ஆஸ்டன் நார்ட்டனைவிட ஆக்ஸ்ஃபோர்டு, பெங்குவின் குறிப்புகளே எனக்குக் கூடுதலாகப் பயன்படுவதாகத் தோன்றுகிறது. இரண்டாவது, பதிப்பு எண். மூன்றாம் பதிப்பிலிருந்த கட்டுரை ஐந்தாம் பதிப்பில் இல்லாமல் போயிருக்கலாம். ஆசிரியர் குறிப்பிட்ட கட்டுரைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், பொருளடக்கத்தைப் பார்க்காமல் பழைய பிரதியை வாங்காதீர்கள்.

மூலமே பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதை நம் கல்லூரிகளில் யாரும் போதுமான அளவுக்குச் சொல்வதில்லை. உ.வே.சா. 1892இல் அச்சிட்ட சிலப்பதிகாரத்துக்கு எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார் என்று வியக்கும் நாம், ஆங்கில நாவல் என்றால் எல்லாரிடமும் இருப்பது ஒரே புத்தகம் என்று நம்பிவிடுகிறோம். ஃபிராங்கன்ஸ்டைனுக்கு இரண்டு மூலங்கள் உண்டு. 1818இல் பெயர் போடாமல் மூன்று தொகுதிகளாக வந்தது ஒன்று. 1831இல் மேரி ஷெல்லி திருத்தி, புது முன்னுரை எழுதி, ஒரே தொகுதியாக வெளியிட்டது மற்றொன்று. கதாநாயகன் விக்டர் மணக்கப்போகும் எலிசபெத் 1818இல் யார்? விக்டருடைய அப்பாவின் தங்கை மகள். நம் கணக்கில் சொந்த அத்தை மகள், முறைப்பெண். 1831இல் அந்த உறவை ஷெல்லி வெட்டிவிடுகிறார். அங்கே அவள் மிலான் பிரபு ஒருவரின் மகள், ஏழைக் குடியானவர் வீட்டில் வளர்ந்தவள், விக்டரின் அம்மா பார்த்து எடுத்து வளர்த்த பிள்ளை. இது சின்ன மாற்றம் இல்லை. இந்த நாவலில் குடும்பம், உறவுமுறை பற்றி ஒரு கட்டுரை எழுதினால், கையில் இருப்பது எந்த மூலம் என்பதைப் பொறுத்து வாதமே தலைகீழாகும். 1831இல் விதி பற்றிய பேச்சும் கூடுகிறது. தன் அழிவு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்ற தொனியில் விக்டர் பேசும் இரண்டாம் அத்தியாயத்தின் முடிவு பிறகு சேர்த்தது. அந்த வரிகளை மேற்கோள் காட்டி, "1818இல் ஷெல்லி இப்படி நினைத்தார்" என்று எழுதினால் கட்டுரை அங்கேயே சரிந்துவிடும்.

கையில் உள்ளது எது என்று கண்டுபிடிப்பது சுலபம். அத்தியாய எண் தொடர்ந்து 24 வரை போனால் அது 1831. மூன்று தொகுதியாகப் பிரிந்து 7, 9, 7 அத்தியாயம் என்று இருந்தால் 1818. நார்ட்டன், ஆக்ஸ்ஃபோர்டு இரண்டும் 1818ஐ அச்சிடுகின்றன. பெங்குவினில் இரண்டுமே தனித்தனியாகக் கிடைக்கின்றன, அட்டையைப் பார்த்து வாங்குங்கள். எந்த மூலம் என்று எங்கேயும் சொல்லாத மலிவு அச்சுகளை ஆராய்ச்சிக்கு எடுக்கவே வேண்டாம்.

தொகுதி எண் வேறொரு குழப்பத்தையும் கொண்டுவரும். விமர்சனக் கட்டுரை "இரண்டாம் தொகுதி, 12ஆம் அத்தியாயம்" என்று சொல்லும், கையிலிருக்கும் பிரைட் அண்ட் பிரெஜுடிஸில் தொகுதியே இருக்காது. முதல் தொகுதி 23 அத்தியாயம், இரண்டாவது 19, மூன்றாவது 19, ஆக மொத்தம் 61. ஆகவே இரண்டாம் தொகுதி என்றால் 23ஐக் கூட்டுங்கள், மூன்றாம் தொகுதி என்றால் 42ஐக் கூட்டுங்கள். எலிசபெத் மணக்க மறுத்த டார்சியின் கடிதம் வரும் இரண்டாம் தொகுதி 12, தொடர் எண்ணில் 35. இந்தக் கணக்கைப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் ஒரு செமஸ்டர் முழுக்கத் தேடும் நேரம் மிஞ்சும்.

ஷேக்ஸ்பியருக்கு வந்தால் ஆர்டன்தான் உச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஹாம்லெட்டைப் பொறுத்தவரை ஒரு நிபந்தனை உண்டு. 1603, 1604–05, 1623 என்று ஹாம்லெட்டுக்கு மூன்று பழைய அச்சுகள் இருக்கின்றன. 2006இல் வந்த ஆர்டன் மூன்றாம் வரிசை ஹாம்லெட், 1604–05 அச்சை மட்டும் மூலமாக எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தனிப் புத்தகமாகத் தருகிறது. அதனால் டென்மார்க்கே ஒரு சிறை என்று ஹாம்லெட் சொல்லும் புகழ்பெற்ற உரையாடலை நாடகத்துக்குள் தேடினால் கிடைக்காது, அது 1623 அச்சில் மட்டுமே உள்ள பகுதி. இதற்கு நேர்மாறு, ஹிப்பார்டு பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு ஹாம்லெட். அது 1623ஐப் பின்பற்றுவதால், நான்காம் அங்கம் நான்காம் காட்சியில் ஹாம்லெட் தன்னையே கடிந்துகொள்ளும் நீண்ட தனிமொழி பின்னிணைப்புக்குப் போய்விட்டது. கடையில் அந்தக் காட்சியைத் திறந்து பாருங்கள். தளபதியோடு பேசிய பிறகு ஹாம்லெட் தனியே நீளமாகப் பேசினால் ஒரு வகை, நார்வே இளவரசன் ஃபோர்ட்டின்பிராஸ் ஏழெட்டு வரி பேசி நகர்ந்துவிட்டால் இன்னொரு வகை.

முதல் தடவை படிக்கிற பி.ஏ. மாணவருக்கு ஆர்டன் மூன்றாம் வரிசையைப் பரிந்துரைக்க மாட்டேன். நூறு பக்கத்துக்கு மேல் முன்னுரை, சில பக்கங்களில் மூலம் பத்துப் பன்னிரண்டு வரிதான், மீதியெல்லாம் உரை. அவர்களுக்கு நியூ கேம்பிரிட்ஜ் போதும், அதில் அடிக்குறிப்பு அளவாக இருக்கிறது. ஃபோல்ஜர் பதிப்பில் வலப்பக்கம் மூலம், இடப்பக்கம் சொற்பொருள், அதுவும் நல்லது. ஃபோல்ஜர் மூலங்கள் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. பழைய புத்தகக் கடையில் ஹரால்டு ஜென்கின்ஸ் பதிப்பித்த 1982 ஆர்டன் ஹாம்லெட் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மூலங்களை இணைத்துத் தரும் பழைய முறையில் அமைந்தது, கடைசியில் உள்ள நீண்ட குறிப்புகள் ஒவ்வொன்றும் தனிக் கட்டுரை.

ஆர்டன் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் எண்களும் எழுத்துகளுமாக ஒரு பகுதி இருக்கும். மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் பாடபேதம், அச்சுக்கு அச்சு சொல் மாறும் இடங்களின் பட்டியல். "எஃப்" என்றால் 1623 அச்சு, "க்யூ2" என்றால் 1604–05. முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் ஹாம்லெட்டின் முதல் தனிமொழியைத் திறந்து, அந்தப் பகுதியைப் பாருங்கள். உருகிப்போகட்டும் என்று அவன் சொல்லும் உடம்பு "கெட்டியானது" என்கிறது எஃப். க்யூ2இல் உள்ள சொல்லை "மாசுபட்டது" என்று திருத்திப் படித்த பதிப்பாசிரியர்கள் பலர். ஹாம்லெட்டுக்குத் தன் உடம்பின் மேல் சலிப்பா, அருவருப்பா என்ற கேள்வி அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. வகுப்பில் அரை மணி நேரம் விவாதிக்க இது ஒன்றே போதும்.

அடுத்தது கைடு. கதைச் சுருக்கம், பாத்திரப் பட்டியல், "கருப்பொருள்கள்", எழுதித் தயாராக வைத்த பத்து மார்க் விடைகள். குறளுக்குப் பொழிப்புரை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைத் தூக்கிப் போட்டதற்குச் சமம் இது. கைடு பயன்படும் இடமும் உண்டு, அதை மறுக்க வேண்டாம். நெட் தேர்வின் இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மார்க், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது. எந்த ஆண்டு, எந்தப் பாத்திரம், எந்த இயக்கம் என்று வேகமாகத் திருப்பிப் பார்க்கக் கைடு வேண்டும்தான். ஆனால் அதே தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்கும் கேள்விகளும் வருகின்றன. அங்கே கைடு கைவிட்டுவிடும். எழுத்துத் தேர்வில் இன்னும் மோசம், ஒரே கைடிலிருந்து ஒரே பத்தி இருபது விடைத்தாளில் வந்தால் திருத்துகிறவர் உடனே கண்டுகொள்வார்.

கைடு பழக்கும் கெட்ட வழக்கங்கள் மூன்று. கதையைத் திரும்பச் சொல்வதையே அலசல் என்று நினைப்பது முதலாவது. "இங்கே உவமை இருக்கிறது, முரண்நகை இருக்கிறது" என்று அணிகளை எண்ணிவிட்டு, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று சொல்லாமல் விடுவது இரண்டாவது. இதுதான் நம் மாணவர்களிடம் மிக அதிகம், அணியிலக்கணம் படித்து வந்த பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றில் முதல் ஒன்றரைப் பக்கத்தைக் கரைப்பது மூன்றாவது.

நல்ல பதிப்பு வாங்கியவர் அதை எப்படிப் பயன்படுத்துவது? பயிற்சிக்கு பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் 36ஆம் அத்தியாயத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதில் எலிசபெத்தே ஒரு பிரதியைப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். டார்சியின் கடிதத்தை முதலில் வெறுப்போடு படிக்கிறாள். அடுத்த வாக்கியம் என்ன சொல்லுமோ என்ற அவசரத்தில் கண்முன் இருக்கும் வாக்கியம் மனத்தில் ஏறவில்லை. பொய் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். விக்கமைப் பற்றிய பகுதியை வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி எடைபோடுகிறாள். அவன் சொன்னதையும் செய்ததையும் நினைவிலிருந்து எடுத்து ஒப்பிடுகிறாள். டார்சியைக் கண்டு தனக்குப் பயமில்லை என்று பேசியவன், அடுத்த வாரம் நெதர்ஃபீல்டு நடனத்துக்கு வராமல் தவிர்த்தானே! முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் முதல் சந்திப்பிலேயே தன் சொந்தக் கதையைக் கொட்டினானே! அதில் இருந்த தகாத தன்மை அப்போது ஏன் கண்ணில் படவில்லை?

இந்த அத்தியாயத்தில் இருபது முப்பது வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். இரண்டாவதில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: படித்தாள், மடித்தாள், பிரித்தாள், எடைபோட்டாள். கதையின் வேகம் எங்கே குறைகிறது என்று அவையே காட்டும். மூன்றாவதில், "நினைத்தாள்" என்ற சொல்லும் மேற்கோள் குறியும் இல்லாமல் அவளுடைய மனம் கதைசொல்லியின் குரலில் வெளிப்படும் வாக்கியங்களைத் தேடுங்கள். படர்க்கை, இறந்தகாலம், கடைசியில் ஆச்சரியக்குறி என்று இருந்தால் அது அநேகமாக அப்படிப்பட்டதுதான். நான்காவதாகத்தான் குறிப்புகளையும் முன்னுரையையும் பார்க்க வேண்டும். அப்புறம் 150 சொல்லில் ஒரே ஒரு பத்தி எழுதுங்கள். முதல் வாக்கியம் உங்கள் கருத்து. அடுத்து மூலத்திலிருந்து ஐந்திலிருந்து எட்டுச் சொல் வரை மேற்கோள். அந்தச் சொற்கள் என்ன செய்கின்றன என்பதற்குக் குறைந்தது மூன்று வாக்கியம். மேற்கோள் நீளமாகப் போனால் விளக்கம் சுருங்கிவிடும், அதனால்தான் எட்டுச் சொல் வரம்பு. எழுதி முடித்ததும் மேற்கோளை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் பத்தி நன்றாகவே நின்றால், நீங்கள் எழுதியது கதைச் சுருக்கம்.

கலைச்சொற்களுக்கு ஏப்ராம்ஸின் எ குளோசரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ் ஒன்று போதும். 1957இல் முதலில் வந்தது, பல தடவை புதுப்பித்திருக்கிறார்கள். அகராதி மாதிரி ஒரு வரிப் பொருள் இதில் கிடையாது, ஒவ்வொரு தலைப்பும் சிறு கட்டுரை. தேடும் சொல் அகர வரிசையில் இல்லாவிட்டால் ஏமாற வேண்டாம், வேறு தலைப்புக்குள் இருக்கும், கடைசியிலுள்ள சொல்லடைவில் பாருங்கள். பழைய பதிப்பே போதுமானது.

சென்னையில் எங்கே? புதிய பிரதிக்கு 1844இலிருந்து இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ் அண்ணா சாலைக் கடையில் தொடங்கலாம். எந்தக் கடையிலும் தலைப்பைச் சொல்லாமல் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுங்கள். அட்டை வகை, பதிப்பு எண் மாறினால் அந்த எண்ணும் மாறும், வேறு புத்தகம் வந்து நிற்காது. பொங்கலையொட்டி நடக்கும் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆங்கிலக் கிளாசிக் குவியல்களில் நல்லதும் கிடைக்கும், குப்பையும் கிடைக்கும். கிரெட்னா கிரீன் சோதனையை அங்கே தவறாமல் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. நான் சொல்லும் சிக்கனமான வழி: வேர்ட்ஸ்வொர்த் மாதிரி மலிவான பிரதி ஒன்று சொந்தமாக, நார்ட்டனும் ஆர்டனும் நூலகத்தில். 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உட்கார்ந்து படிக்க வசதியானது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். எழும்பூர் கன்னிமாரா 1896இலிருந்து இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. அதனால் இந்தியப் பதிப்பாளர்களின் உரைப் பதிப்புகளைத் தேட அதுவே நல்ல இடம், வெளிநாட்டு அச்சு எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் 1812இல் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியில் உறுப்பினரானால் பழைய அச்சுகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பாடபேதத்தில் ஆர்வம் வந்துவிட்டவர்களுக்கு அது பொக்கிஷம்.

மின்நூலைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்கும் பெங்குவின், ஆக்ஸ்ஃபோர்டு மின்நூல்களில் குறிப்பெண்ணைத் தொட்டால் குறிப்பு அங்கேயே வரும், கடைசிப் பக்கத்துக்குப் புரட்டும் தொல்லை தீர்ந்தது. இலவசமாகக் கிடைக்கும் புராஜெக்ட் கூட்டன்பர்க் இணையதளப் பிரதிகள் பலவற்றில் எந்த அச்சிலிருந்து எடுத்தது என்ற தகவல் இருக்காது, குறிப்பும் இருக்காது. ஒரு சொல் நாவல் முழுக்க எத்தனை இடத்தில் வருகிறது என்று தேட அதைப் பயன்படுத்துங்கள், மேற்கோளை மட்டும் அச்சுப் பிரதியில் சரிபார்த்து எழுதுங்கள்.

பழைய பிரதி வாங்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பதிப்பு விவரம் இருக்க வேண்டும், அது இல்லாமல் ஓரம் சாய்ந்து அச்சாகியிருந்தால் நகல் அச்சு. கடைசிப் பக்கங்களில் குறிப்பும் பின்னிணைப்பும் கிழியாமல் இருக்க வேண்டும், தையல் விட்ட பழைய நார்ட்டனில் முதலில் உதிர்வது அவைதான். மூன்றாவது, முன்பு படித்தவர் மஞ்சள் மார்க்கரால் தீட்டியிருந்தால் வேண்டாம். பென்சில் கோட்டை அழிக்கலாம், மார்க்கரை அழிக்க முடியாது. உங்கள் கண் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் தீட்டிய வரிக்கே போகும்.